கடையில் கேளுங்க

அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்று அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தண்ணி இருந்தா குடுங்கம்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "குக்கர் சத்தம் கேட்டுச்சு. எத்தன விசில் விடுவீங்க?" என்றார்.

முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாலு."

"என்ன அரிசி?"

"கடை அரிசிதாங்க. பொன்னி."

"சோறு நல்லா இருக்குமா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் பொங்கிப் போடுகிறேன். குழம்பு நல்லா இருக்கா, ரசத்தில் உப்பு சரியா என்று வீட்டில் கேட்டிருக்கிறேன். சோறு நல்லா இருக்கா என்று யாரையும் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவர் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் வீடு தஞ்சாவூரில் கரந்தையில் இருக்கிறது. பின்பக்கம் கொஞ்சம் நடந்தால் வடவாறு. வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. இப்போது கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிற மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எனக்குத் தெரிந்த உலகம் என் அடுப்படியும், அதன் மூலை மாடத்தில் இருக்கிற முருகன் படமும்தான். அந்த அடுப்படிக்குள்தான் அக்கா மறுவாரம் வந்தார்.

குள்ளமான உடம்பு. வெயிலில் நடந்து நடந்து கறுத்த முகம். நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. தோளில் துணிப்பை, கிட்ட வந்தால் அதிலிருந்து வசம்பு வாசனை அடிக்கும். வண்டு வராமலிருக்க அரிசிக்குள் வசம்புத் துண்டு போட்டு வைத்திருப்பார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். தெருவில் எல்லாருக்கும் அவர் அரிசி அக்கா. அது போதும்.

"உங்க அடுப்புல நான் ஒரு ஒலை வச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். அரிசியை முன்கூட்டி ஊற வைத்தார். அது ஊறுகிற வரைக்கும் தரையில் உட்கார்ந்து என் மகளின் படிப்பு, என் முழங்கால் வலி, வடவாற்றில் தண்ணீர் வருகிற கதை எல்லாம் பேசினார். அரிசி என்ற பேச்சே இல்லை. பாத்திரம் கூட என்னுடையதுதான் வேண்டும் என்றார். "என் பாத்திரத்துல வெந்தா எனக்குத்தான் ருசி. உங்க பாத்திரத்துல வேகணும்."

வெந்ததும் ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்து வடித்தார். "இருங்கக்கா, சாமிக்கு வச்சிடறேன்" என்றேன். முருகனுக்கு வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லை. பெற்ற பிள்ளை பசியோடு வந்து நின்றாலும் அப்படித்தான். சில பேர் இதைக் கேலி செய்வார்கள். அக்கா எழுந்து கைகூப்பி நின்றார். "மொதல்ல அவருக்குப் புடிக்கட்டும்" என்றார்.

பிறகு ஒரு வாய் சாப்பிட்டேன். நெய்யும் உப்பும்தான், வேறு ஒன்றும் தொட்டுக்கொள்ளவில்லை. மல்லிகைப்பூ மாதிரி வாசனை என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. மழை விட்ட பிறகு வைக்கோல் போர் பக்கமாகப் போனால் மூக்கில் ஒன்று ஏறுமே, அதில் கொஞ்சம் இருந்தது. மென்றால் கடைசியில் நாக்கின் ஓரத்தில் தித்தித்தது. நான் தட்டு முழுக்கச் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்வார், சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"அக்கா, இது என்ன அரிசி?"

அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. "தூயமல்லி" என்றார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பழைய நாட்டு ரகமாம், விளைவிக்கிறது அம்மாபேட்டைப் பக்கம் சில குடும்பங்கள். ரெண்டு மா, மூணு மா என்று ஒரு ஏக்கருக்குள் நிலம் வைத்திருப்பவர்கள். சிலருக்கு அதுவும் குத்தகை. அக்கா சொன்ன சொல்லை நம்பி யூரியாவும் மருந்தடிப்பும் விட்டவர்கள். நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டை விதைத்து, வளர்ந்ததும் உரத்துக்காக அப்படியே மடக்கி உழுகிறார்கள். கோடையில் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். எல்லாம் அன்றைக்குத்தான் கேட்டேன்.

கேட்டால்தான் சொல்வார். அதுதான் அந்த அக்கா. கேட்காத காதில் ஒரு சொல் போட மாட்டார்.

எதிர்வீட்டு மல்லிகா அடித்துப் பேசுகிறவள். "எனக்கும் குடுக்கா, நான் குக்கர்லயே வச்சுக்கறேன், ஊற வைக்கவெல்லாம் நேரமில்ல" என்று நின்றாள். அக்கா கொடுக்கவில்லை. "ஒரு தடவ நடுவுல வேகாத நறுக்கரிசியா தின்னுட்டா உன் நாக்கு அத மறக்காது. மறுபடி கேக்கவே மாட்ட. நேரம் கெடைக்கும்போது வாங்கிக்க" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மல்லிகா என்னிடம் வந்து, "விக்க வந்தவளா இவ, வேலைக்கு ஆள் எடுக்க வந்தவளா?" என்று குதித்தாள். ஆனால் அடுத்த வாரம் அரிசியை ஊற வைக்கப் பாத்திரத்தோடு அவளே தெருமுனையில் போய் நின்றாள்.

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தெருக்கோடியில் இருந்தார். "நாட்டரிசி சுகருக்கு நல்லதாமே, ஒரு மாசத்துக்குக் குடும்மா" என்றார்.

"மருந்துக்கட எதுத்தாப்புல இருக்குங்கய்யா."

"என்னம்மா, நல்ல வார்த்தை கேட்டா இப்படிப் பேசுற?"

"கோவிச்சுக்காதீங்க. மருந்துன்னு வாங்குனா சுகர் கொறைஞ்சதும் நிறுத்திடுவீங்க. கொறையலன்னாலும் நிறுத்திடுவீங்க. சோறுன்னு கேளுங்க, தர்றேன்."

பெரியவர் முறைத்துக்கொண்டே உள்ளே போனார். அவருடைய சம்சாரம் பின்கட்டு வழியாக வந்து, "சோறுன்னுதாங்க கேக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. ஒரு கிருத்திகை அன்று விரதச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் ஒன்று சொன்னார். சுனாமி வந்த சமயம் அவர் நாகப்பட்டினத்தில் ஒரு முகாமில் சமைத்திருக்கிறார். "நல்ல மனசோடதான் வண்டி வண்டியா பொட்டலம் வந்து எறங்குச்சு. யாரும் கேக்காத பொட்டலம். மண்ணுல கெடந்து ஊசிப்போச்சு. ஒரு கெழவி எங்கிட்ட வந்து, எனக்குக் கொஞ்சம் சுடுகஞ்சி வேணும்னு கேட்டா. வச்சுக் குடுத்தேன். ஒரு சொட்டு விடாம குடிச்சா. அன்னிக்குத் தெரிஞ்சுகிட்டேன். கேட்டு வாங்குன சோறுதான் வயித்துக்குள்ள போகும்" என்றார். அதற்கு மேல் அவருடைய வாழ்க்கை எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் உண்டா, எதுவும் தெரியாது. நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

தை அறுவடை முடிந்து சித்திரையும் போயிற்று. ஒரு நாள் காலை அக்காவோடு சேகர் என்கிற தம்பி வந்தார். அம்மாபேட்டைக்காரர், அந்தக் குடும்பங்களில் ஒருவர். மூணு மா குத்தகை நிலம். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் கூடத்திலேயே சண்டையை ஆரம்பித்தார்.

"அக்கா, நீங்க கை வீசிக்கிட்டு வீடு வீடாப் போறது சரிதான். இன்னும் பாதி நெல்லு பத்தாயத்துல கெடக்கு. எங்க அண்ணன் யூரியா போட்டு விளைச்சு, நெல்லு எடுக்கற கவர்மெண்டு செண்டர்ல போட்டுட்டு நிம்மதியா ஒக்காந்திருக்கான். எங்க வீட்டுல தெனம் ஏச்சு வாங்கறது நானு."

"ஆடி வரைக்கும் பொறுடா."

"ஆடி வந்தா? ஒரு கடை, ஒரே ஒரு கடைக்காரன் மாசாமாசம் எடுத்துக்கறேன்னு சொல்லட்டும், நான் இருக்கேன். இல்லைன்னா இந்த வருசம் தக்கப்பூண்டு வெதைக்க மாட்டேன். எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. நான் உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

மோர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார். அக்கா அந்த மோரை எடுத்துத் தான் குடித்தார். பிறகு, "அவன் சொல்றதுல தப்பில்ல. நான் ஒருத்தி எத்தன அடுப்படிக்குப் போவேன்? நான் படுத்துட்டா அவங்க நெல்லு என்ன ஆவும்? கடைக்கு வரணும். கடைக்காரர்ட்ட நான் போய்ச் சொன்னா மூலையில ஒரு மூட்டை போட்டு வைப்பாரு, வண்டு வச்சதும் திருப்பிடுவாரு. நீங்கள்லாம் போய்க் கேக்கணும்" என்றார்.

மல்லிகாவையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். எல்லாருக்கும் குஷி. நான்தான் இடையில் புகுந்தேன். "வீட்டுல தூக்கு நெறைய அரிசி வச்சுக்கிட்டு, கடையில போய் இல்லாதவ மாதிரி நின்னு கேக்கறதா? அது பொய்யில்லையாக்கா? காலையில முருகன் முன்னாடி நிக்கணுமே."

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அடித்துக்கொள்ளவில்லை. என்னையே பார்த்தார். "நீங்க சொல்றது நியாயம்" என்றார். "இல்லாமத்தான் கேக்கணும். அப்ப நான் இனிமே கொண்டுவரல."

கொண்டுவரவே இல்லை. சேகர் தம்பிக்குப் பத்தாயத்தில் நெல் கிடக்கிறது. இங்கே வாங்க ஆள் இருக்கிறது. நடுவில் இந்த அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு வியாபாரத்தை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? "உங்க அக்கா அரிசி விக்கிறாங்களா, ஊரையே விரதம் இருக்க வைக்கிறாங்களா?" என்று வீட்டுக்காரர் கேலி பேசினார். மல்லிகா தெருவில் என்னைப் பார்த்தாலே, "ஒன் முருகனால எங்க வீட்டுச் சோறும் போச்சுடி" என்பாள். எனக்குச் சேகர் தம்பியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. என் வாயால் அல்லவா அந்தப் பிள்ளையின் பிழைப்பு தொங்குகிறது என்று பயம்.

இருந்த அரிசி தீர்ந்தது. முருகனுக்கு வைக்க மட்டும் சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பழையபடி பொன்னி. முதல் நாள் சாப்பிடும்போது மகள், "அம்மா, சோத்துல என்ன இல்ல?" என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மறுநாளே கடைக்குப் போனேன்.

எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் வாய் துடுக்கு. "தூயமல்லி இருக்காண்ணே?" என்றேன். "அப்படின்னா பூவாம்மா? பூக்கடைக்குப் போ" என்றார். எனக்குப் பின்னால் மல்லிகா போனாள். அப்புறம் பெரியவரின் சம்சாரம். அப்புறம் ஆற்றங்கரைத் தெருவிலிருந்து இரண்டு பேர். அங்கேயும் அக்கா உலை வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"என்னம்மா, ஊரே கூடிப் பேசி வச்சுக்கிட்டு வர்றீங்களா? உசுர வாங்கறீங்களே!" என்று அவர் ஒரு நாள் கத்தினார்.

"எங்க வீட்டுல நெசமாவே இல்லண்ணே" என்றேன். சத்தியமான வார்த்தை, டப்பாவில் இருப்பது சாமிக்கு. அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தைரியம் வந்தது பாருங்கள், அது பொய் சொல்லியிருந்தால் வந்திருக்காது.

தொல்லை பொறுக்காமல் மில் ஏஜெண்டிடம் சொல்லி எங்கிருந்தோ ஒரு மூட்டை இறக்கிவிட்டார். "இந்தாங்க, உங்க தூயமல்லி. எடுத்துக்கிட்டு என்னை விடுங்க." அரிசி பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. பொங்கினால் பேருக்குச் சோறு. வாசனையும் இல்லை, தித்திப்பும் இல்லை. மல்லிகா அந்தச் சோற்றை டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள்.

"நீங்களே தின்னு பாருங்க."

அவர் தின்றார். "நல்லாத்தானேம்மா இருக்கு? சோறு சோறு மாதிரி இருக்கு."

அவர் சொன்னதும் சரிதானே. நிஜமான தூயமல்லி அவர் வாயில் பட்டதே இல்லை. எதை வைத்து அவர் வித்தியாசம் கண்டுபிடிப்பார்? கொண்டுவந்து காட்டவும் ஒருத்தர் வீட்டிலும் ஒரு பிடி இல்லை. அக்காவோ வருவதில்லை. ஆனி முடியப் போகிறது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. சேகரிடம் அக்கா பொறுக்கச் சொன்ன ஆடி இதோ வாசலில்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் விளக்கேற்றினபோது மாடத்தில் இருந்த டப்பாவைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் அரிசி இருந்தது. அது முருகனுடையது. அதை எடுத்து மனுஷருக்குக் கொடுக்கலாமா? நின்று யோசித்தேன். பிறகு ஒரு வழி தெரிந்தது. நானா கண்டுபிடித்தேன் என்று சொல்லமாட்டேன், அவர்தான் காட்டினார். மறுநாள் குளித்து, அரிசியை ஊற வைத்து, அக்கா வைத்த மாதிரியே உலை வைத்து வடித்து, முருகனுக்கு வைத்தேன். கற்பூரம் காட்டினேன். அதற்குப் பிறகு அது பிரசாதம். பிரசாதத்தை யாருக்கும் கொடுக்கலாம்.

இலையில் மடித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். "பிரசாதம்ணே" என்றேன். கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வாய் போட்டார். மென்றார். யாரோ பருப்புக்கு நின்றார்கள். கை காட்டி இருக்கச் சொன்னார். இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

நான் பேசவில்லை. பேசத் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, இது எங்க கெடைக்கும்?" என்றார்.

அடுத்த வாரம் சேகர் தம்பி சின்ன வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். அக்கா கூட வந்தார், ஆனால் கடைக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் ஓடிப்போய், "வாங்கக்கா, நீங்க இல்லாம எப்படி?" என்றேன்.

"என்னைப் பாத்தா எங்கிட்ட பேசுவாரு. சேகர்கிட்ட பேசட்டும். நீங்க போய் நின்னு என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்றார். கை முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது. அந்த அக்காவை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கடைக்காரர் மூட்டையைப் பிரித்து அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்தார். "மாசாமாசம் வருமா? நடுவுல நின்னா இந்தப் பொம்பளைங்க என்னைத் தின்னுடுவாங்க. அடுத்த தைக்கும் இருக்குமா?"

"இருக்கும்ணே" என்றார் சேகர். "தக்கப்பூண்டு வெதைச்சிட்டேன். மொளச்சு நிக்குது."

"இன்னிக்குத்தான நான் எடுத்துக்கறேன்னே சொல்றேன்? அதுக்கு முன்னாடியேவா?"

சேகர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "வெதைக்கலன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல."

நான் தெருவைக் குறுக்கே கடந்து வந்து சொன்னேன். அக்கா என்னையே பார்த்தார். "என்ன சொன்னான்?"

"வெதைச்சிட்டானாம்க்கா. மொளச்சு நிக்குதாம்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அப்படி ஒன்றும் இல்லை. பிறகு என்னிடம், "கடைக்காரருக்குக் குடுத்த சோத்த உதிரியா வடிச்சீங்களா, கொழைய விட்டீங்களா?" என்றார்.

"உதிரியாத்தான்."

"ம்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

அதற்குப் பிறகு அரிசி தவறாமல் கடைக்கு வந்தது. இன்றைக்கும் வருகிறது. இப்போது மற்ற கடைகளிலும் வைக்கிறார்கள். கல்யாணமாகி வந்த சின்னப் பெண்கள், பருப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாகத் தூயமல்லி கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஆனால் அக்கா வருவது நின்றுவிட்டது. முதலில் வேலை போலும் என்று நினைத்தேன். பிறகு கோபமோ என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து கதை பேசிய இடத்தைப் பெருக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். இந்தக் கடைக்காரர் பிடிவாதமாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுகூடச் சில சமயம் தோன்றியதுண்டு. சேகர் தம்பியை நினைத்து உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது பழைய பஸ் ஸ்டாண்டில். நான் புன்னைநல்லூர் மாரியம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறப்போனவரைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். முடி இன்னும் வெளுத்திருந்தது. தோளில் அதே துணிப்பை, அதே கனம்.

"ஏங்கக்கா வீட்டுப் பக்கமே வர்றதில்ல? நாங்க என்ன தப்பு பண்ணிட்டோம்?"

"தப்பா? உங்க வீட்டுல எனக்கு என்ன வேலை? அதான் சோறு நல்லா வேகுதே."

"சும்மா வரக்கூடாதா? ஒரு வாய் சாப்பிட?"

என் கையை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார். நான் அம்மன் குங்குமத்தை அவர் நெற்றியில் இட்டேன். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"பட்டுக்கோட்டையில என்னக்கா வேலை?"

படியில் கால் வைத்தபடியே திரும்பினார். "அங்க இன்னும் யாரும் கேக்கல."

பஸ் கிளம்பியது. அது திரும்பி மறைகிறவரைக்கும் நின்றேன். பிறகு கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. தாயே, அந்த ஊர்க் கடைக்காரரும் சீக்கிரமாகப் பொறுமை இழந்து கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.